ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை ஓனர்? ஆலங்குளத்துக்கு வந்த வக்கீல் நோட்டீஸும் டீக்கடைச் சுவரில் தொங்கிய முருகனும்

"பாப்பா, இங்கிலீஷ்ல ஏதோ நாலு பக்கம் வந்திருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லு. வீட்ல யார்கிட்டயும் சொல்லிறாத."

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ். கூடவே ஒரு பி.டி.எஃப். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஊர் ஆலங்குளம். உடனே தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஊர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போகிறவர். பதினோரு வருடமாக டிசைனர். உங்கள் வீட்டில் இந்த வருடம் பிரித்த மத்தாப்புப் பெட்டியின் லேபிள், சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரின் அட்டை, பிள்ளையின் நோட்டு ரேப்பர்... இதில் ஏதோ ஒன்று அவர் கையால் செய்ததாக இருக்கலாம். எதிலும் அவர் பெயர் இருக்காது.

வந்திருந்தது வக்கீல் நோட்டீஸ். சென்னையிலிருந்து. ஒரு பெரிய நடிகரின் படம் ரிலீஸ் ஆனபோது அண்ணன் அவர் முகத்தைப் பென்சிலில் வரைந்து, டி-ஷர்ட்டில் அடித்து, இன்ஸ்டாகிராமிலும் ரசிகர் மன்ற வாட்ஸ்அப் குரூப்பிலும் விற்றிருக்கிறார். முகத்துக்குக் கீழே படத்தில் வருகிற ஒற்றை வரி வசனம். முதுகுப் பக்கம் படத்தின் பெயர், போஸ்டரில் இருக்கிற அதே எழுத்தில். ஒன்று 299 ரூபாய். மொத்தம் 140 டி-ஷர்ட். திருப்பூரில் வாங்கிய வெறும் டி-ஷர்ட், பிரிண்டிங், கொரியர் எல்லாம் போகக் கையில் நின்றது 11,000 ரூபாய்ச் சொச்சம். நோட்டீஸ் கேட்டது ஐந்து லட்சம். கெடு ஏழு நாள்.

நான் படித்துச் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி இது: "நெட்ல எடுத்த போட்டோ இல்ல பாப்பா. ராத்திரி பூரா உக்காந்து நானே வரைஞ்சது. என் கையால வரைஞ்சதை நான் வித்தா அது எப்படித் திருட்டாகும்?"

நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. ஜர்னலிசம் டிப்ளமோவில் 'காப்பிரைட்' என்று ஒரு பாடம் இருந்தது, பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்தாயிற்று. இந்தக் கட்டுரை, அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் கணக்கு.

வரைந்தது அண்ணன்... முகம் யாருடையது?

முதலில் அண்ணன் பக்கம் இருக்கிற நல்ல செய்தி. 1957-ம் வருட காப்பிரைட் சட்டப்படி, ஒரு படத்தை வரைந்த நிமிடமே அது வரைந்தவருக்குச் சொந்தம். பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. ஆக, அந்தப் பென்சில் ஓவியத்தை வேறு யாராவது சுட்டு விற்றால் அண்ணன் கேஸ் போடலாம். (போஸ்டரைப் பார்த்து அச்சு அசலாக வரைந்திருந்தால் போஸ்டரின் சொந்தக்காரர் எழுந்து வருவார். அண்ணனிடம் கேட்டேன். "கொஞ்சம் பார்த்துத்தான்" என்றார்.)

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு டி-ஷர்ட்டில் அண்ணனைத் தவிர இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம். வெறும் தலைப்புக்குக் காப்பிரைட் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஓர் இந்திப் பட வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பாடா என்று உட்கார முடியாது. அதே பெயரைத் தயாரிப்பாளர் டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருக்கலாம், துணிமணி என்ற வகையிலும் சேர்த்தே பதிந்திருக்கலாம். தவிர, போஸ்டரில் இருக்கிற அந்த எழுத்து வடிவத்தை யாரோ ஒரு டிசைனர் வரைந்திருக்கிறாரே, அதுவும் ஓர் ஓவியம்தான். அண்ணன் அதை அப்படியே டிரேஸ் எடுத்திருந்தார். இன்னொரு டிசைனரின் உழைப்பை எடுத்தோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வசனம்? ஒற்றை வரிக்குக் காப்பிரைட் வாங்குவது கஷ்டம். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் குறிப்பிட்ட ஒரு நடிகர்தான் ஞாபகத்துக்கு வருவார் என்றால் கதை மாறுகிறது. இந்தி நடிகர் அனில் கபூர் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடை உத்தரவில் அவர் பெயர், முகம், குரலோடு 'ஜக்காஸ்' என்று அவர் சொல்கிற விதமும் சேர்ந்தது. அடுத்த வருடம் ஜாக்கி ஷெராஃப் 'பிடு' என்ற சொல்லுக்காகவும் போனார். பம்பாய்த் தெருவில் யார் வேண்டுமானாலும் சொல்கிற சொல்!

கடைசியாக முகம். இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. நீதிமன்றங்கள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டிய உரிமை இது. அந்தக் கட்டடத்தின் முக்கியமான கல் ஒன்று தமிழ்நாட்டில் எடுத்தது. 1994, ஆட்டோ சங்கர் வழக்கு என்று பெரியவர்கள் சொல்வார்களே, 'நக்கீரன்' பத்திரிகையில் ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடக் கூடாது என்று வந்த தடையை எதிர்த்து ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். தீர்ப்பு பத்திரிகைக்குச் சாதகம். ஆனால் அதே தீர்ப்பில், ஒருவர் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கும் மற்ற காரியங்களுக்கும் எடுத்தாள்வது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்ற கருத்தும் இருந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் போட்ட வழக்கு, சூப்பர் ஸ்டார்களுக்குக் கேடயமாகப் போனது இப்படித்தான்.

சூப்பர் ஸ்டார் என்றதும் நிஜமாகவே சூப்பர் ஸ்டார்தான். 'மே ஹூம் ரஜினிகாந்த்' என்ற பெயரில் ஓர் இந்திப் படம் தயாரானபோது, ரஜினி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு. பார்க்கிறவருக்கு 'இது ரஜினி' என்று அடையாளம் தெரிந்தாலே போதும், ஏமாந்தார்கள் குழம்பினார்கள் என்றெல்லாம் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. படம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. இப்போது 2026 ஜனவரியில் கமல்ஹாசனும், தன் பெயரையும் படத்தையும் போட்டு டி-ஷர்ட் விற்பதற்கு எதிராக அதே நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருக்கிறார். கேலிச்சித்திரம், நையாண்டிக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதாவது, அண்ணன் அந்த முகத்தை வரைந்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மன்றத்து பேனரில் போட்டிருந்தால் நடிகரே சந்தோஷப்பட்டிருப்பார். 299 ரூபாய் என்று விலை போட்ட இடத்தில்தான் கதை மாறியது.

"அப்ப பிரஸ்ல நாங்க அடிக்கிறது?" என்றார் அண்ணன். நான் இதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெட்டிக்குள் வெடி, பெட்டி மேல் முகம்

சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்குகிற பொருள் என்பதால் படம்தான் பேசியாக வேண்டும். சேவல், அணில், குருவி, லட்சுமி. பெயரைச் சொல்லாமல் படத்தைச் சொல்லியே கடையில் கேட்டு வாங்கிய தலைமுறைகள் உண்டு. அதில் சில படங்கள் கம்பெனிச் சொத்தாக இன்றும் பத்திரமாக இருக்கின்றன. சேவலைப் பார்த்தால் யார் சரக்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். லட்சுமி வெடி, குருவி வெடி என்பதெல்லாம் ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல் வெடியின் வகைக்கே பெயராகிவிட்டன. யார் வேண்டுமானாலும் லட்சுமி வெடி போடலாம். ஒரு பெயர் அளவுக்கு மீறிப் பிரபலமானால் சொந்தக்காரர் கையைவிட்டே போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப் புத்தகத்தில் இல்லை.

சாமி பெயர் என்றால் எல்லோருக்கும் பொது என்று நினைப்பவர்களுக்கு ஒரு மூக்குப்பொடிக் கதை. சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றுக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி. 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரைத் தன் பொடிக்குப் பதிய இன்னொருவர் விண்ணப்பித்தார். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்று வாதம். அம்பாள் சிவனோடு இருப்பவள், ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, எங்கள் மாவட்டத்துப் பிள்ளை, அவளை எப்படி அம்பாளோடு குழப்பிக்கொள்வார்கள்? உச்ச நீதிமன்றம் 1969-ல் சொன்ன பதில்: பொருளில் வித்தியாசம் இருக்கலாம், காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. வாங்குகிறவர்கள் எல்லோரும் தமிழோ சைவ வைணவமோ அறிந்தவர்கள் அல்லவே! ஆண்டாளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இன்றைக்கும் டிரேட்மார்க் வழக்கு என்றால் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது.

சாமியை விடுங்கள், நடிகர்களுக்கு வருவோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வருடம் ஓடிய படத்தின் பெயரிலோ, ஹீரோயின் சிரிப்பிலோ ஒரு பெட்டி வராமல் இருக்காது. டிவி கார்ட்டூன் பொம்மைகள் புஸ்வாணத்தின் மேல் பறக்கும். "முறைப்படி அனுமதி வாங்கிக் கையெழுத்தோடு வர்ற வேலையும் உண்டு. 'அதே மாதிரி, ஆனா அது இல்லாத மாதிரி போட்டுக் குடுப்பா'ன்னு வர்ற வேலையும் உண்டு" என்கிறார் அண்ணன். இரண்டாவது ரகத்தில் மூக்கைக் கொஞ்சம் மாற்றுவார்களாம், சட்டைக் கலரை மாற்றுவார்களாம். ரஜினி தீர்ப்பைப் படித்தபிறகு யோசித்தால், இந்த மூக்கு வைத்தியம் எல்லாம் வீண். யார் என்று தெரிந்தால் போதும் என்றுதானே நீதிமன்றம் சொல்கிறது? தெரியக் கூடாது என்றால் எதற்காகப் போட வேண்டும்!

அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியா என்றால், அங்கேயும் பிரச்னை எட்டிப் பார்க்கும். நடிகை காஜல் அகர்வால் வழக்கு பக்கத்து தூத்துக்குடி சம்பந்தப்பட்டது. அங்குள்ள தேங்காய் எண்ணெய் நிறுவனமான வி.வி.டி.க்காக அவர் 2008-ல் விளம்பரத்தில் நடித்தார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், அதற்குப் பிறகும் ஓட்டுகிறார்கள் என்று இரண்டரைக் கோடி நஷ்டஈடு கேட்டார். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விளம்பரப் படத்தைக் காசு கொடுத்து எடுத்தது நிறுவனம், அதன் காப்பிரைட் 60 வருடத்துக்கு நிறுவனத்துடையது, அதை ஒரு வருடத்துக்குச் சுருக்க முடியாது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். தன் முகம்தான், தன் சிரிப்புதான். ஆனால் படம் எடுத்தவரிடம் போய்விட்டது.

நயன்தாராவும் தனுஷும் 2024 நவம்பரில் மோதிக்கொண்டதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான். 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பில் எடுத்த மூன்று விநாடிக் காட்சி நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் வந்ததற்குப் பத்துக் கோடி கேட்டு நோட்டீஸ். சோஷியல் மீடியாவில் நாம் எல்லோரும் டீம் பிரித்துச் சண்டை போட்டோம். நான் எந்த டீம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அண்ணனின் நோட்டீஸைப் படித்தபிறகு ஒன்று தோன்றியது. அவர்கள் இருவருக்கும் பின்னால் வக்கீல் படையே இருந்தது. ஆலங்குளத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் இருந்தது.

டீக்கடை முருகன்

நோட்டீஸ் விஷயமாக நான் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் நானும் மெயின் ரோட்டில் டீ குடிக்க நின்றோம். கடைச் சுவரில் ஒரு ஜவுளிக்கடையின் காலண்டர். வெள்ளிக்கம்பி போலக் கோடு கோடாக மயில்தோகை, அதன் நடுவே சிறு பிள்ளையாய் முருகன், வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு. நன்றாக இருக்கிறதே என்றேன்.

"நான் வரைஞ்சது."

"உங்க பிரஸ்ல அடிச்சதா?"

"இல்ல. யார் அடிச்சதுன்னே தெரியாது. நாலு வருஷம் முன்னாடி கும்பாபிஷேகப் பத்திரிகைக்குன்னு ஃப்ரெண்ட் கேட்டான், சும்மா வரைஞ்சு குடுத்தேன். ஃபேஸ்புக்ல போட்டேன். போன வருஷம் ராஜபாளையத்துல ஒரு கடையில பார்த்தேன். இந்த வருஷம் இங்கயே வந்துட்டாரு" என்று சிரித்தார்.

மூலையில் அவர் போட்டிருந்த சின்னக் கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது கடையின் போன் நம்பர்.

அந்தச் சிரிப்புதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 140 டி-ஷர்ட்டுக்கு நாலு பக்க நோட்டீஸ் வருகிறது. எத்தனை ஆயிரம் அடித்தார்கள் என்றே தெரியாத ஒரு முருகனுக்காக எங்கள் வீட்டில் யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

இந்தப் பக்கத்தில் இது புதுக்கதை அல்ல. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர், பிறகு காலண்டர் ஓவியத்துக்கு வந்தவர். தென்தமிழ்நாட்டுப் பூஜை அறைகளின் முருகனும் மீனாட்சியும் இன்று நம் மனதில் எப்படித் தெரிகிறார்களோ, அதில் அவருக்கும் டி.எஸ்.சுப்பையா முதலான அவர் சீடர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தப் படங்களைப் பார்த்து வரைந்து, வெட்டி ஒட்டி, கலர் மாற்றி அடித்த காலண்டர்களுக்குக் கணக்கே கிடையாது. ஓவியரின் காப்பிரைட் அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடமும் நீடிக்கும். கொண்டைய ராஜு இறந்தது 1976-ல். அவர் தனக்கென வரைந்த படம் என்றால் அதன் உரிமை 2036 டிசம்பர் 31 வரை உயிரோடு இருக்கிறது. 1906-ல் இறந்த ரவிவர்மாவின் லட்சுமியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். முருகன் பொதுச்சொத்துதான், முருகனை ஒருவர் வரைந்த விதம் பொதுச்சொத்து அல்ல.

அண்ணனின் முருகன் யாருக்குச் சொந்தம்? இங்கே சட்டம் கேட்கிற கேள்விகள் கொஞ்சம் வேடிக்கையானவை. பிரஸ்ஸில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது, அந்த வேலையின் பகுதியாக வரைந்தால் அது முதலாளியுடையது. வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, பதினோரு வருடமாக அவர் வரைந்த லேபிள்களில் அவருக்கு ஒன்றும் இல்லை. வெளியாள் ஒருவர் காசு கொடுத்து 'எனக்கு ஓர் ஓவியம் வரைந்து கொடு' என்று ஆர்டர் கொடுத்தால், அதுவும் வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் ஆர்டர் கொடுத்தவருடையது. இந்த முருகன் ராத்திரி, வீட்டில், சொந்த டேப்லெட்டில் வரைந்தவர். நண்பனிடம் காசும் வாங்கவில்லை. காசு வாங்காததாலேயே அவர் முழுக்க அண்ணனுடையவர்!

"அப்போ நாம நோட்டீஸ் அனுப்பலாமே" என்று எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. காப்பிரைட் வழக்கில் ஒரு வசதி உண்டு. திருடியவர் எந்த ஊரில் இருந்தாலும், உரிமைக்காரர் தான் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அண்ணனுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். போலீஸிலும் புகார் கொடுக்கலாம். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யார் மேல பாப்பா? ஜவுளிக்கடைக்காரர் பாவம், பிரஸ்ல ஆல்பத்தைக் காட்டினாங்க, அவரு ஒண்ணைத் தொட்டுக் காட்டியிருப்பாரு. அடிச்சது நம்ம ஊர்க்காரங்கதான். நாளைக்கு இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போய் நிக்க?"

அதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. நானும் டீயைக் குடித்தேன்.

51-வது சேலை

அண்ணி தையல் தெரிந்தவர், சேலைக்கு ஸ்டென்சில் பெயின்டிங்கும் போடுவார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், "என் டிசைனைக் காப்பி அடிக்கிறாங்களே, அதுக்கு?" என்றார். துணிக்கு விதியே வேறு. ஓவியமாகக் காகிதத்தில் இருக்கிற வரை அது ஓவியம். அதையே சேலைக்கான டிசைனாக மாற்றி, இயந்திரம் மாதிரியான தொழில்முறையில் 50 முறைக்கு மேல் துணியில் ஏற்றிவிட்டால், டிசைன் சட்டப்படி பதிந்திருக்காதபட்சத்தில் அந்தத் துணி டிசைனுக்குக் காப்பிரைட் போய்விடும். 51-வது சேலை பிறக்கும்போது முதல் சேலையின் பாதுகாப்பும் சேர்ந்து இறக்கிறது. டெல்லியைச் சேர்ந்த பிரபல டிசைனர் ரிது குமாரின் நிறுவனம், 'பிபா' நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2016-ல் தோற்றது இந்த 50 கணக்கில்தான். பெரிய வக்கீல் வைத்திருந்தவர்களே கோட்டைவிட்ட இடம்.

ஆகவே விற்கத் தொடங்கும் முன்பே டிசைனைப் பதிந்துவிட வேண்டும். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு பத்து வருடம், மேலும் ஐந்து நீட்டிக்கலாம். அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் மாசத்துக்கு ஆறு டிசைன் போடுறேன்" என்றார். ஆறாயிரம். அவர் ஒரு சேலைக்கு வாங்குவது 350.

இத்தாலியின் 'பிராடா' கம்பெனி 2025 ஜூனில் மிலன் ஃபேஷன் ஷோவில் நம்ம கோலாப்புரி செருப்பை அப்படியே நடக்கவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் அது எந்த ஊர்ச் செருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கோலாப்புரிக்கு 2019-லேயே புவிசார் குறியீடு இருக்கிறது. நாடே கொதித்தது. வழக்கறிஞர்கள் சிலர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட, குறியீட்டின் உரிமைக்காரர்கள் வந்து கேட்க வேண்டியதை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. ஆனால் மக்கள் போட்ட சத்தத்தில் பிராடா இறங்கி வந்தது. எங்கிருந்து எடுத்தோம் என்று ஒப்புக்கொண்டு, அந்த வருட டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடகத் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது.

புவிசார் குறியீடு நமக்கும் புதிதல்ல. காஞ்சிப் பட்டுக்கு இருக்கிறது, மதுரை சுங்குடிக்கு இருக்கிறது, காரைக்குடி கண்டாங்கிக்கு இருக்கிறது, எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லிருந்து இருக்கிறது. ஆனால் அது ஊருக்கும் தொழிலுக்கும் கிடைக்கிற பெயர். ஊரில் ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாக வரைகிறவருக்கு அதில் இடம் இல்லை.

ஏழு நாளும் அதற்குப் பிறகும்

நோட்டீஸுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நாலாவது நாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பெரியப்பாவுக்குத் தெரிந்தவரின் மகன். அவர் நிதானமாகச் சொன்னது: நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல, அதில் போட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்பதில்லை. ஆனால் பதில் போடாமல் இருப்பதுதான் தப்பு. பேசாமல் போனை ஆஃப் செய்துவிட்டால், அடுத்து நீதிமன்றத்தில் 'நோட்டீஸ் கொடுத்தோம், கண்டுகொள்ளவில்லை' என்பது அவர்களுக்குப் பலமாகிவிடும்.

அண்ணன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எடுத்தார். எடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல். மிச்சம் இருந்த 9 டி-ஷர்ட்டை விற்கவில்லை. எத்தனை விற்றது, எவ்வளவு வந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதி, இனி செய்ய மாட்டேன் என்று பதில் போனது. வக்கீல் ஃபீஸ் 3,500. இரண்டு மாதமாகச் சென்னையிலிருந்து பதில் இல்லை. முடிந்துவிட்டது என்று அர்த்தமா என்றால், இல்லை என்கிறார் வக்கீல். ஒவ்வொரு முறை தபால்காரர் வரும்போதும் அண்ணி எட்டிப் பார்க்கிறார்.

நான் ஊரிலிருந்து கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தோம். காப்பிரைட் அலுவலகத்தின் இணையதளத்தில் ஓர் ஓவியத்தைப் பதிய 500 ரூபாய். விற்பனைப் பொருளின் லேபிளாகப் பயன்படுகிற ஓவியம் என்றால் 2,000. பதியாவிட்டாலும் உரிமை உண்டு என்றேனே, ஆனால் 'இது நான்தான் வரைந்தேன், இன்ன தேதியில்' என்று காட்ட அந்தச் சான்றிதழ் ரொம்ப உதவும். டீக்கடை முருகனின் முதல் பென்சில் ஸ்கெட்ச் அண்ணனின் பழைய நோட்டில் பத்திரமாக இருந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்தும், பக்கத்தில் பால் கணக்கும்! அதை ஸ்கேன் செய்து, லேயர் பிரியாத ஃபைலோடு சேர்த்து ஏற்றினோம். ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் வரிசையில் நிற்க வேண்டும்.

வழக்குப் போடுவாரா என்று நான் மறுபடி கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவரே சொன்னார். அடுத்த வருட காலண்டர் வேலை ஆரம்பித்துவிட்டதாம், யாராவது ஆல்பத்தில் அந்த முருகனோடு வந்தால், "இது என்னோடது, மூலையில என் பேரைப் போட்டு அடிச்சுக்கோங்க, காசு வேண்டாம்" என்று சொல்லிப் பார்க்கப் போகிறாராம்.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் சந்தோஷப்பட்டார். பஸ் கிளம்பிய அஞ்சாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் மறுபடி ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பாப்பா, எல்லாம் எழுது. என் பேரை மட்டும் போட்டுறாத, என்ன?"